சுருட்டை முடிப் பூனை டெவன் ரெக்ஸ்: அழகுக்குப் பின்னால் ஒரு மரபணுக் கணக்கு!

வெல்வெட் துணியைக் கையால் அழுத்தித் தள்ளினால் சின்னச் சின்ன அலைகள் விழும் இல்லையா? டெவன் ரெக்ஸ் பூனையின் முதுகு கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய காதுகள், முகத்தில் பாதியை அடைத்துக்கொண்ட கண்கள், ஒல்லிக் கழுத்து. போதாக்குறைக்கு மீசைகூடச் சுருண்டு கிடக்கும். முதன்முறை பார்ப்பவர்கள், "இதற்கு யார் பெர்மிங் செய்துவிட்டது?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

யாரும் செய்துவிடவில்லை. பிறக்கும்போதே வரும் சுருள் இது. ஆனால், அந்தச் சுருள் வந்த கதை கொஞ்சம் விசித்திரமானது. இன்று உலகம் முழுக்க உள்ள டெவன் ரெக்ஸ் பூனைகளின் வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால், எல்லாக் கோடுகளும் ஒரே ஓர் ஆண் குட்டியிடம் போய் நிற்கும். ஒரு குடும்பத்தின் சொத்து தலைமுறை தலைமுறையாக வருவதுபோல அந்தக் குட்டியின் சுருள் வந்துகொண்டிருக்கிறது. சொத்து வரும்போது கடனும் சேர்ந்து வரத்தானே செய்யும்? டெவன் ரெக்ஸ் விஷயத்திலும் அதுதான் நடந்திருக்கிறது.

சுரங்கத்தில் வாழ்ந்த கடுவன்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கவுன்ட்டிகள் கார்ன்வால், டெவன். சுருட்டை முடிப் பூனை முதலில் பிரபலமானது கார்ன்வாலில்தான். 1950-ம் ஆண்டு அங்குள்ள போட்மின் மூர் பகுதியில், நினா என்னிஸ்மோர் என்பவர் வளர்த்த செரினா என்ற பூனை ஐந்து குட்டிகள் போட்டது. நான்கு குட்டிகளுக்குச் சாதாரண முடி. ஒன்றுக்கு மட்டும் அலை அலையாகச் சுருள். அந்தக் குட்டிக்குக் காலிபங்கர் என்று பெயர் வைத்தார்கள்.

நினா அதற்கு முன் முயல் வளர்த்தவர். முயல்களில் முடி மாறிப் பிறக்கும் வகைக்கு 'ரெக்ஸ்' என்று பெயர் உண்டு. அதே பெயர் பூனைக்கும் ஒட்டிக்கொண்டது. ஏ.சி.ஜூட் என்ற மரபியலாளரின் ஆலோசனைப்படி காலிபங்கரை அதன் தாயுடனேயே இணைசேர்த்தார்கள். மறுபடியும் சுருட்டைக் குட்டிகள் பிறந்தன. 'கார்னிஷ் ரெக்ஸ்' இனம் அப்படித்தான் ஆரம்பமானது.

பத்து ஆண்டுகள் கழித்து, 1960-ல் பக்கத்து டெவனில் இன்னொரு ஆச்சர்யம். பக்ஃபாஸ்ட்லீ என்ற ஊரில் பெரில் காக்ஸ் என்ற பெண்மணி வசித்து வந்தார். அவர் வீட்டுக்கு அருகில் கைவிடப்பட்ட தகரச் சுரங்கம் ஒன்று இருந்தது. அங்கே சுருட்டை முடியோடு ஒரு காட்டுக் கடுவன் பூனை திரிந்துகொண்டிருந்தது. அதைப் பிடிக்க முயன்றும் யாரிடமும் சிக்கவில்லை. பெரில் சோறு போட்டு வளர்த்த தெருப்பூனை ஒன்று அந்த நேரத்தில் குட்டி போட்டது. அந்தக் குட்டிகளில் ஒன்றுக்கு மட்டும் அப்படியே அந்தக் கடுவனின் சுருட்டை முடி! கிர்லீ என்று பெயரிடப்பட்ட அந்த ஆண் குட்டிதான் டெவன் ரெக்ஸ் இனத்தின் ஆதிப் பூனை.

கார்னிஷ் ரெக்ஸ் குட்டியைப் பற்றிச் செய்தித்தாளில் பார்த்த பெரில், 'என்னிடமும் அப்படி ஒரு பூனை இருக்கிறது' என்று தகவல் சொன்னார். கார்னிஷ் ரெக்ஸ் வளர்ப்பாளர்களுக்கு ஒரே சந்தோஷம். காரணம், அவர்களிடம் இருந்த பூனைகள் எல்லாம் ஒரே குடும்பம். அம்மா, மகன், பேரன் என்று உள்ளுக்குள்ளேயே இணைசேர்த்து வந்ததால் புது ரத்தம் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து ஊரிலேயே ஒரு சுருட்டைக் கடுவன் கிடைத்தால் சும்மா இருப்பார்களா? கிர்லீயை வாங்கிக் கார்னிஷ் பெண் பூனைகளுடன் சேர்த்தார்கள்.

எல்லாக் குட்டிகளும் நேர்முடி!

அப்பாவுக்கும் சுருட்டை, அம்மாவுக்கும் சுருட்டை. குட்டிகளுக்கும் சுருட்டை வரும் என்றுதானே எல்லோரும் எதிர்பார்ப்பார்கள்? நடந்தது நேர்மாறு. பிறந்த குட்டிகள் அத்தனைக்கும் சாதாரணப் பூனையின் நேர்முடி. மறுபடி மறுபடி முயன்றும் அதே முடிவு.

இதற்கு ஒரு விளக்கம்தான் இருக்க முடியும். ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் கரன்ட் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் ஃபியூஸ் போயிருக்கிறது. இன்னொரு வீட்டில் மெயின் ஸ்விட்ச் கெட்டுவிட்டது. வெளியே இருந்து பார்த்தால் இரண்டு வீடும் ஒரே இருட்டு. பழுதோ வேறு வேறு. முதல் வீட்டின் நல்ல ஸ்விட்ச்சையும் இரண்டாம் வீட்டின் நல்ல ஃபியூஸையும் சேர்த்தால் விளக்கு எரிந்துவிடும். கார்னிஷும் டெவனும் சேர்ந்தபோது நடந்தது இதுதான். ஒன்றில் கெட்டிருந்த மரபணு மற்றதில் நன்றாக இருந்தது. ஆகவே, குட்டிகளுக்கு இரண்டு மரபணுவும் ஒரு நல்ல பிரதியோடு கிடைத்து, முடி நேராகிவிட்டது.

அதாவது, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு சுருள்கள். பிற்பாடு டெவன் ரெக்ஸ் தனி இனமாக வளர்க்கப்பட்டது.

மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும் வசதியெல்லாம் அன்று கிடையாது. குட்டிகளின் முடியை மட்டும் பார்த்து வளர்ப்பாளர்கள் சொன்னது சரிதான் என்று அரை நூற்றாண்டு கழித்து ஆய்வகம் ஒப்புக்கொண்டது. டெவன் ரெக்ஸின் சுருளுக்குக் காரணம் 'கேஆர்டி71' என்ற மரபணுவில் உள்ள பழுது என்று 2010-ல் கண்டுபிடிக்கப்பட்டது. கார்னிஷ் ரெக்ஸுக்குக் காரணம் 'எல்பிஏஆர்6' என்ற முற்றிலும் வேறொரு மரபணு என்று 2013-ல் தெரியவந்தது. அதில் மரபணு எழுத்துகள் நான்கே நான்கு விடுபட்டிருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு சுவாரஸ்யமும் உண்டு. முடியே இல்லாததுபோல் தோன்றும் ஸ்பிங்க்ஸ் பூனைக்கும் பழுது இருப்பது அதே கேஆர்டி71-ல்தான், வேறு விதமான பழுது. அதனால் முழுச் சுருட்டை டெவனும் மொட்டை ஸ்பிங்க்ஸும் மரபணுக் கணக்கில் நெருங்கிய பங்காளிகள். ஒரே மாதிரி இருக்கும் கார்னிஷும் டெவனும்தான் அந்நியர்கள்!

முடிக்குள் என்ன நடக்கிறது?

சாதாரணப் பூனையின் உடம்பில் மூன்று அடுக்கு முடி உண்டு. மழை, தூசு படாமல் காக்கும் நீளமான மேல்முடி. அதற்குக் கீழே நடுத்தர முடி. தோலை ஒட்டி, குளிர் தாங்கும் மெத்தென்ற அடிமுடி. டெவன் ரெக்ஸுக்கும் இந்த மூன்று வகையும் உண்டு. ஆனால், மேல்முடி குட்டையாக, மெலிந்து, ஒழுங்கற்று வளரும். அதனால் எல்லா முடியும் அடிமுடி மாதிரியே தோன்றும். கார்னிஷ் ரெக்ஸில் மேல்முடியே கிடையாது. அதன் சுருள் உடம்போடு ஒட்டி, சீப்பால் கோடு போட்டதுபோல வரிசையாக இருக்கும். டெவனின் சுருள் தளர்வானது, கொஞ்சம் கலைந்த தோற்றம் கொண்டது.

கேஆர்டி71 என்ற மரபணு கெரட்டின் என்ற புரதத்தின் ஒரு வகையை உருவாக்குகிறது. முடி முளைக்கும் வேர்ப்பையின் உட்சுவரில் இந்தப் புரதத்துக்கு வேலை. இடியாப்ப அச்சின் துளை கோணலாக இருந்தால் மாவு நேராக இறங்குமா? வேர்ப்பையின் சுவர் சரியாக அமையாததால் அதற்குள்ளிருந்து வரும் முடியும் வளைந்து வருகிறது. வளைவதோடு நிற்பதில்லை, பலவீனமாகவும் இருக்கிறது. மீசை குட்டையாகச் சுருண்டு எளிதில் உடைந்துபோவதும் இதனால்தான். இருட்டில் இடம் அறியவும் இடைவெளியை அளக்கவும் பூனைக்கு மீசைதான் உதவி. ஆக, நம் கண்ணுக்கு அழகாகத் தெரியும் சுருள், பூனையின் பார்வையில் ஒரு சின்ன இழப்பு.

டெவன் குட்டி வாங்கியவர்கள் முதலில் பயப்படுவது முடி கொட்டும்போது. பிறக்கும்போது சுருளோடு இருக்கும் குட்டி, சில வாரங்களில் முடி உதிர்ந்து மெல்லிய ஸ்வேட் தோல் மாதிரி ஆகிவிடும். பிறகு மறுபடி முளைக்கும். முழுச் சுருள் வந்து நிலைக்க ஒரு வயதுக்கு மேலும் ஆகலாம். இது இந்த இனத்தின் இயல்பு. ஆனால், வளர்ந்த பூனைக்கு அரிப்பு, சிவப்பு, பொடுகு ஆகியவற்றோடு முடி கொட்டினால் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சுருள் எப்போது வரும், எப்போது வராது?

ஒவ்வொரு மரபணுவும் பூனையின் உடலில் இரண்டு பிரதிகளாக இருக்கும். ஒன்று அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. டெவன் சுருள் தெரிய வேண்டுமானால் இரண்டு பிரதிகளும் சுருள் பிரதியாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் முடி நேராகவே இருக்கும். சுருள் பிரதி உள்ளுக்குள் ஒளிந்திருக்கும். அப்படி ஒளித்து வைத்திருக்கும் பூனையைக் 'கடத்தி' என்பார்கள். கணக்கு இதுதான்:

* டெவன் ரெக்ஸும் டெவன் ரெக்ஸும் சேர்ந்தால் எல்லாக் குட்டிகளும் சுருட்டை.
* டெவன் ரெக்ஸும் சுருள் பிரதியே இல்லாத பூனையும் சேர்ந்தால் ஒரு குட்டிகூடச் சுருட்டை இல்லை. ஆனால் எல்லாக் குட்டிகளும் கடத்திகள்.
* டெவன் ரெக்ஸும் கடத்தியும் சேர்ந்தால் சராசரியாகப் பாதிக் குட்டிகள் சுருட்டை.
* கடத்தியும் கடத்தியும் சேர்ந்தால் சராசரியாக நான்கில் ஒன்று சுருட்டை.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கிர்லீயின் பிறப்பை மறுபடி பாருங்கள். கிர்லீக்குச் சுருள் வந்தது என்றால், அதன் நேர்முடி அம்மாவும் ஒரு சுருள் பிரதியைச் சுமந்திருக்க வேண்டும். அவ்வளவு அரிய மரபணு, சம்பந்தமே இல்லாத இரண்டு பூனைகளிடம் ஒரே ஊரில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சுரங்கத்துக் கடுவனும் அந்தத் தெருப்பூனையும் ஏற்கெனவே ரத்த உறவாக இருந்திருக்கலாம் என்று கருதப்படுவது இதனால்தான். மனிதர்கள் கைவைப்பதற்கு முன்பே உறவுக்குள் கலப்பு தொடங்கிவிட்டது.

பிறகு மனிதர்கள் அதையே தொடர்ந்தார்கள். கிர்லீ ஒருவன்தான் சுருட்டை. அவனுக்குப் பிறக்கும் மகள்கள் எல்லாம் நேர்முடிக் கடத்திகள். சுருள் மறுபடி வர வேண்டுமானால் மகளை அப்பாவோடு சேர்ப்பதுபோல உறவுக்குள்ளேயே இணைசேர்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. இனம் பிழைத்தது. கூடவே, கிர்லீயின் குடும்பத்தில் ஒளிந்திருந்த வேறு பிரதிகளும் இரட்டையாகச் சேர வழி திறந்தது.

தலை தூக்க முடியாத குட்டிகள்

டெவன் ரெக்ஸ் குட்டிகள் சிலவற்றுக்குப் பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ ஒரு பிரச்னை தொடங்கும். கொஞ்ச தூரம் நடந்தால் களைத்துவிடும். தலை தொங்கிப்போகும். தோள்பட்டை எலும்புகள் முதுகுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். தலையின் பாரத்தைத் தாங்க முடியாமல், முன்னங்கால்களை எதன் மீதாவது வைத்து நிமிர்ந்து உட்காரும். பார்க்கிறவர்களுக்கு அது கை நீட்டிக் கெஞ்சுவதுபோல, 'க்யூட்'டாகத் தெரியலாம். உண்மையில் அது தசை பலவீனம். விழுங்குவதும் சிரமமாகி, உணவு மூச்சுக்குழாய்க்குள் போய் உயிரே போய்விடும் ஆபத்தும் உண்டு.

பிறவித் தசைச்சோர்வு நோய் வகையைச் சேர்ந்த இதற்குக் காரணம் 'சிஓஎல்கியூ' என்ற மரபணுவில் உள்ள மாற்றம் என்று 2015-ல் கண்டறியப்பட்டது. நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை போகும் இடத்தில் கோளாறு ஏற்படுகிறது. இதே மரபணு கெட்டால் மனிதர்களுக்கும் இதே வகை நோய் வரும். டெவன் ரத்தம் கலந்த ஸ்பிங்க்ஸ் பூனைகளிலும் இது உண்டு.

கவனிக்க வேண்டியது, இந்த நோயும் சுருளைப் போலவே இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பிரதி மட்டும் உள்ள பூனை ஆரோக்கியமாக ஓடியாடும். கண்காட்சியில் பரிசுகூட வாங்கும். அப்படிப்பட்ட இரண்டு பூனைகள் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. சுருளை நிலைநிறுத்த எந்த வழி உதவியதோ, அதே வழியில்தான் நோயும் வந்தது.

நல்ல செய்தி, இப்போது இதற்குப் பரிசோதனை இருக்கிறது. கன்னத்தின் உட்பக்கத்தை ஒரு பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்த மாதிரியே போதும். இரண்டு கடத்திகளைச் சேர்க்காமல் இருந்தால் ஒரு குட்டிகூட இந்த நோயோடு பிறக்காது. கடத்திப் பூனையை ஒதுக்கித் தள்ளவும் வேண்டியதில்லை. நோய்ப் பிரதி இல்லாத துணையோடு சேர்த்தால் குட்டிகள் பாதுகாப்பாகப் பிறக்கும். ஏற்கெனவே குறுகிய குடும்பத்தில் நல்ல பூனைகளையெல்லாம் விலக்கினால் குடும்பம் இன்னும் குறுகிவிடும் அல்லவா?

தாய்ப்பாலே விஷமாகும் விபரீதம்

பூனைகளுக்கும் ரத்த வகை உண்டு. முக்கியமானவை ஏ, பி என்ற இரண்டு. சாதாரண வீட்டுப் பூனைகளில் பெரும்பாலானவை ஏ வகை. டெவன் ரெக்ஸில் பி வகை மிக அதிகம். அமெரிக்காவில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு 40-ஐ ஒட்டி இருந்தது.

பி வகைத் தாய்க்கும் ஏ வகைக் கடுவனுக்கும் பிறக்கும் குட்டிகளில் ஏ வகைக் குட்டிகள் இருக்கும். அந்தக் குட்டிகள் பிறக்கும்போது கொழுகொழுவென்று ஆரோக்கியமாக இருக்கும். சீம்பால் குடித்த பிறகுதான் சிக்கல். பி வகைப் பூனையின் ரத்தத்தில் ஏ வகை அணுக்களை அழிக்கும் எதிர்ப்பொருள் இயல்பாகவே இருக்கும். அது சீம்பால் வழியாகக் குட்டியின் உடலுக்குள் போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். சிறுநீர் அடர் பழுப்புச் சிவப்பாக மாறும். குட்டி பால் குடிப்பதை நிறுத்தும். சில நாள்களில் இறந்துவிடும். காரணம் தெரியாத வளர்ப்பாளர், 'தாய் சரியில்லை' என்றோ 'குட்டி சோனி' என்றோ நினைத்துக்கொள்வார்.

இதைத் தவிர்ப்பதும் எளிதுதான். இணைசேர்க்கும் முன் இரண்டு பூனைகளுக்கும் ரத்த வகை பார்க்க வேண்டும். பி வகைப் பெண்ணுக்குப் பி வகை ஆணே பொருத்தம். தவறிச் சேர்ந்துவிட்டால், பிறந்த முதல் நாள் முழுக்கக் குட்டிகளைத் தாயிடம் பால் குடிக்க விடாமல் பிரித்து, மருத்துவரின் வழிகாட்டலோடு மாற்றுப் பால் தர வேண்டும். அந்த எதிர்ப்பொருளை உறிஞ்சும் வாசல் குட்டியின் குடலில் ஏறக்குறைய அந்த நேரத்துக்குள் மூடிவிடும். அதன் பிறகு அதே தாயின் பால் எந்தக் கெடுதலும் செய்யாது.

அலர்ஜி வராதா? குளிராதா?

'இந்தப் பூனை முடி கொட்டாது, அலர்ஜி உள்ளவர்களும் வளர்க்கலாம்' என்று விற்பவர்கள் சொல்வதுண்டு. முடி கொட்டுவது குறைவாகத் தெரியலாம். அலர்ஜி வராது என்பது உண்மையல்ல. பூனை அலர்ஜிக்கு முக்கியக் காரணம் முடியே அல்ல. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் 'ஃபெல் டி 1' என்ற புரதம்தான். அது சுருட்டைப் பூனைக்கும் உண்டு. வீட்டில் யாருக்காவது அலர்ஜியோ ஆஸ்துமாவோ இருந்தால், அந்தப் பூனையோடு சில மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

தொட்டால் டெவன் ரெக்ஸ் சூடாக இருக்கும். அதற்குக் காய்ச்சல் என்று அர்த்தமில்லை. முடி மெலிதாக இருப்பதால் உடல்சூடு நேரடியாக நம் கைக்குத் தெரிகிறது. அந்தச் சூடு சீக்கிரம் வெளியேறுவதால்தான் இந்தப் பூனை எப்போதும் மடி, போர்வை, டிவி பெட்டியின் ஓரம் என்று கதகதப்பைத் தேடிக்கொண்டே இருக்கும். ஏசி அறையில் அதற்கென்று ஒரு போர்வை இருக்கட்டும். முடி அடர்த்தி குறைந்த இடங்களில் கடும் வெயில் பட்டால் தோல் புண்ணாகலாம்.

தோலில் சுரக்கும் எண்ணெயை உறிஞ்சிப் பரப்ப இதற்குப் போதிய முடி இல்லை. மலசீசியா என்ற ஈஸ்ட் தொற்றுக்கு இந்த இனம் எளிதில் ஆளாகிறது. காது, விரலிடுக்கு, அக்குள் போன்ற இடங்களில் பிசுபிசுப்பும் வாடையும் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதில் அழுக்கு சீக்கிரம் சேரும் என்பதால் அடிக்கடி கவனிக்க வேண்டும். சீப்பு போட்டு அழுத்தி வாரினால் முடி உடைந்து வழுக்கை விழும். மென்மையான பிரஷ் அல்லது ஈரத்துணி போதும்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

டெவன் ரெக்ஸ் குட்டியைப் பார்க்கப் போகிறவர்கள், விலைக்கு முன்னால் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.

* தாய், தந்தை இரண்டுக்கும் தசைச்சோர்வு நோய் மரபணுப் பரிசோதனை செய்யப்பட்டதா? வாய்ப்பேச்சு போதாது, சான்றிதழ் வேண்டும்.
* இரண்டின் ரத்த வகை என்ன? குட்டியின் ரத்த வகையும் தெரிந்தால் நல்லது. நாளை விபத்தில் ரத்தம் ஏற்ற வேண்டிவந்தால் தவறான வகை உயிரைப் பறித்துவிடும்.
* வம்சாவளிச் சான்றில் ஒரே பெயர் அம்மா பக்கமும் அப்பா பக்கமும் திரும்பத் திரும்ப வருகிறதா?
* தாய்ப் பூனையை நேரில் பார்க்க முடியுமா? அதன் நடை, தலை நிமிர்வு, தோல் எப்படி இருக்கின்றன?

கேள்வி கேட்டால் முகம் சுளிக்கும் விற்பனையாளரிடமிருந்து விலகிவிடுவதே புத்திசாலித்தனம். நல்ல வளர்ப்பாளர் கேட்காமலேயே காகிதங்களை எடுத்து நீட்டுவார். சில நேரம் அவரிடம் ஒரு நேர்முடிக் குட்டியும் இருக்கலாம். வேறு இனத்தோடு முறையாகக் கலந்து புது ரத்தம் சேர்க்கும் முயற்சியில் பிறந்ததாக இருக்கும் அது. சுருள் இல்லையே என்று அதை மட்டமாகப் பார்க்க வேண்டாம். இந்த இனத்தின் அடுத்த தலைமுறைகள் ஆரோக்கியமாகப் பிறக்க, அழகுப் போட்டியில் ஜெயிக்கும் பூனையைவிட அந்தச் சாதாரண முடிக்காரன்தான் அதிகம் உதவப்போகிறான்.